முற்றத்து வெட்சி

நுழையும்முன்

ஆநிரை கவரச் சென்ற வீரர் சூடிய வெட்சி, இன்று வீட்டு வாயிலில் இட்லிப்பூ என்னும் பெயரோடு பூத்து நிற்கிறது. அதன் உறவுச் செடியாகிய பாவட்டை, மலையடிவாரப் புதர்களில் மணம் வீசுகிறது. இவ்விரு செடிகளையும் வீட்டுத்தோட்டத்தில் வளர்க்கும் முறையையும், அவற்றை நாடி வரும் வண்ணத்துப்பூச்சிகளின் வாழ்வையும், எச்செடியை நடுவது என்னும் சிறு முடிவு மலைக்காட்டைத் தொடும் விதத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

பூ சூடிய போர்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர் அது. அவன் ஔவையாருக்கு அளித்த நெல்லிக்கனியைத் தமிழ் படித்தோர் அனைவரும் அறிவர். தகடூரைச் சூழ்ந்த நிலத்தின் இயல்பு அந்த அளவுக்கு அறியப்படவில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் கிளைகளும், அவற்றின் இடையே விரியும் செம்மண் மேடுகளும், இலையுதிர் காடுகளும், காட்டை ஒட்டிய மேய்ச்சல் நிலங்களும் கொண்ட பகுதி இது. ஆற்றுப் பாசனம் பெற்ற சமவெளிகளில் நெல் செல்வமாயிற்று. இங்கோ கால்நடையே செல்வம். மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு என்பதை இந்நிலத்தில் நின்று நோக்கினால் எளிதில் உணரலாம்.

செல்வம் இருக்கும் இடத்தில் அதைக் கவர முயல்வோரும் இருப்பர். தருமபுரி, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரங்களில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் இதற்குச் சான்றாக நிற்கின்றன. அவற்றின் கல்வெட்டுகளில் தொறு என்னும் சொல் மீண்டும் மீண்டும் வரும். தொறு என்பது மாட்டு மந்தை. மந்தையைக் கவர்ந்தபோதோ மீட்டபோதோ உயிர்நீத்த வீரனுக்கு ஊரார் கல் நட்டனர். வில்லோ வாளோ ஏந்திய வீரனின் உருவம் கல்லில் செதுக்கப்பட்டது. சில கற்களில் மாடுகளின் உருவங்களும் இடம்பெறுகின்றன. தருமபுரி அகழ்வைப்பகத்தில் இத்தகைய நடுகற்களை இன்றும் காணலாம்.

இந்த ஆநிரைப் போருக்குத் தமிழ் இலக்கணம் ஒரு பூவின் பெயரையே சூட்டியது. பகைவர் ஆநிரையைக் கவரச் செல்வோர் வெட்சிப்பூச் சூடினர். அப்போர் வெட்சித்திணை எனப்பட்டது. தொல்காப்பியம் இதனைக் குறிஞ்சிக்குப் புறனாக வகுத்தது. கவர்ந்து செல்லப்பட்ட நிரையை மீட்போர் கரந்தை சூடினர். புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையைத் தனித்திணையாகப் பிரித்தது. இலக்கண நூலைத் தாண்டி ஒன்றை இங்கு எண்ணிப் பார்க்கலாம். அடையாளப் பூ என்பது வேண்டியபோது கைக்கெட்டும் பூவாக இருத்தல் வேண்டும். இரவோடிரவாகப் புறப்படும் கூட்டத்தினர் அரிய பூவைத் தேடி அலைந்திருக்க மாட்டார்கள். மலைச்சாரலிலும் மேய்ச்சற்காட்டின் ஓரத்திலும் வெட்சி அவ்வளவு எளிதாகக் கிடைத்திருக்க வேண்டும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் மலைப்பூக்களின் வரிசையிலும் வெட்சி தொடக்கத்திலேயே இடம்பெறுகிறது.

ஒரே குடும்பத்து இரு செடிகள்

வெட்சியும் பாவட்டையும் காப்பிச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. வத்தல்மலையில் காப்பித் தோட்டங்களைக் கண்டவர்கள், பூக்கும் காலத்தில் அச்செடியின் வெண்ணிறப் பூக்களையும் எதிரெதிராக அமைந்த இலைகளையும் கவனித்திருப்பார்கள். அந்தச் சாயல் இவ்விரு செடிகளிலும் உண்டு.

வெட்சி தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய புதர்ச்செடி. தடித்த, பளபளப்பான இலைகள். கிளை நுனியில் கொத்தாகச் செந்நிறப் பூக்கள். ஒவ்வொரு பூவும் மெல்லிய நீண்ட குழலின் முனையில் விரிந்த நான்கு இதழ்கள். பழம் கருஞ்சிவப்பாகக் கனியும். சிறுவரும் பறவைகளும் அதை உண்பர். தென்னிந்தியக் கோயில் நந்தவனங்களில் தவறாது இடம்பெறும் செடி இது. இதன் தாவரவியல் பெயராகிய இக்சோரா என்பது ஈசுவரன் என்னும் சொல் ஐரோப்பியர் நாவில் திரிந்த வடிவம்.

பாவட்டையின் பெயர் வரலாறு இன்னும் சுவையானது. 17ஆம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடே, மலையாளக் கரையின் செடிகொடிகளை உள்ளூர் மருத்துவர்களின் துணையோடு தொகுத்து, ஓர்த்துசு மலபாரிக்கசு என்னும் பன்னிரு தொகுதி நூலாக வெளியிட்டார். அந்நூல் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்ற உள்ளூர்ப் பெயரையே லின்னேயசு 1753ஆம் ஆண்டில் பேரினப் பெயராக ஏற்றார். பாவெட்டா இண்டிகா என்று உலகத் தாவரவியலார் எழுதும்போதெல்லாம் தென்னாட்டுச் சொல் ஒன்றையே எழுதுகின்றனர்.

பாவட்டைக்கு வெட்சியின் செந்நிறம் இல்லை. அதனினும் மேலான மணம் உண்டு. கோடை மழையை ஒட்டி வெண்ணிறப் பூக்கள் கொத்துக் கொத்தாக மலரும். மாலை மயங்கும் வேளையில் மணம் மிகும். இருளில் நிறத்தால் பயனில்லை. வெண்மையும் மணமுமே வழிகாட்டிகள். பகலில் வண்ணத்துப்பூச்சிகளும் அந்தியில் பருந்து அந்துப்பூச்சிகளும் இதனை நாடி வருகின்றன. சித்தமருத்துவத்திலும் பாவட்டை வேருக்கு இடமுண்டு.

பாவட்டை இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் சிறு கரும்புள்ளிகள் சிதறிக் கிடப்பது தெரியும். இதை நோய் எனக் கருதி மருந்து தெளிப்போர் உண்டு. இவை நோய்க்குறிகள் அல்ல. இலைத்திசுவுக்குள் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் நுண் முடிச்சுகள். அப்பாக்டீரியாக்கள் மொட்டிலும் விதையிலும் தங்கி அடுத்த தலைமுறைச் செடிக்கும் செல்கின்றன. புள்ளியில்லாத பாவட்டையைத் தேடி வாங்க வேண்டியதில்லை.

குழலின் ஆழம்

வெட்சிப் பூவின் குழல் ஏறத்தாழ ஒரு பெருவிரல் மூட்டின் நீளம். அகலமோ ஊசி நுழையும் அளவு. தேன் அதன் அடியில் இருக்கிறது. குட்டை நாக்குடைய தேனீக்களுக்கு அது எட்டாக்கனி. வண்ணத்துப்பூச்சிக்குக் கடிகாரச் சுருள்வில் போலச் சுருண்ட உறிஞ்சுகுழல் உண்டு. கொத்தின்மேல் அமர்ந்து, சுருளை நீட்டி, ஒரு பூவில் உறிஞ்சி, அமர்ந்த இடத்திலிருந்தே அடுத்த பூவுக்கு மாற்றிக்கொள்ளும். கொத்தாகப் பூக்கும் செடியை அது விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்: பறப்பதற்குச் செலவிடும் ஆற்றல் குறைவு.

பூ இதற்குக் கைம்மாறாகப் பெறுவது மகரந்தப் பரிமாற்றம். அதற்கு வெட்சியும் பாவட்டையும் மேற்கொள்ளும் வழி நுட்பமானது. மொட்டு விரியும் முன்பே மகரந்தப்பைகள் வெடித்து, நடுவே நிற்கும் சூல்தண்டின் நுனியில் மகரந்தத்தை அப்பிவிடுகின்றன. பூ விரிந்ததும் சூல்தண்டு குழலுக்கு வெளியே நீண்டு, தேன் தேடி வரும் பூச்சியின்மீது மகரந்தத்தைத் தடவுகிறது. மகரந்தம் நீங்கிய பிறகே அதே நுனியில் சூல்முடியின் இரு கிளைகளும் விரிந்து, வேறு பூவின் மகரந்தத்தை ஏற்கின்றன. ஒரே உறுப்பு முதலில் கொடுக்கும் கை. பின்பு வாங்கும் கை. பாவட்டைப் பூவில் இந்தச் சூல்தண்டு இதழ்களைக் கடந்து வெகுதூரம் நீண்டு நிற்பதால், பூங்கொத்து முழுவதும் ஊசிகள் குத்தப்பட்டது போலத் தோன்றும். உருப்பெருக்கி ஒன்றிருந்தால் பள்ளித் தோட்டத்திலேயே இதைக் காணலாம்.

தோட்டத்திலிருந்து காட்டுக்கு

வண்ணத்துப்பூச்சிகளை ஈர்க்கும் செடி எது என்று கேட்டால், பலரும் உடனே சொல்லும் பெயர் உண்ணிச்செடி. அது பொய்யன்று. மஞ்சளும் இளஞ்சிவப்புமாகச் சிறு பூக்கள் வட்டமாக அடுக்கப்பட்ட அக்கொத்தில் எப்போதும் பூச்சிகள் மொய்க்கும். இளம்பூ மஞ்சள் நிறம்; முதிர்ந்தபின் இளஞ்சிவப்பு. மஞ்சள் பூவில்தான் தேன் மிகுதி. வண்ணத்துப்பூச்சிகள் அதைத் தெரிந்துகொண்டு மஞ்சளையே நாடும். நீர் ஊற்ற வேண்டியதில்லை. ஆடு மாடு கடிக்காது. ஆண்டு முழுவதும் பூக்கும். தோட்டக்காரர் விரும்பும் நற்குணங்கள் அனைத்தும் அதில் உண்டு.

அந்த நற்குணங்களே பின்னர்க் கேடாக முடிந்தன. உண்ணிச்செடி வெப்பமண்டல அமெரிக்காவுக்கு உரியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து மாளிகைத் தோட்டங்களுக்கும் வேலிகளுக்கும் சென்றது. அதன் கருநீலப் பழத்தைக் கொண்டைக்குருவியும் மைனாவும் தின்று, விதைகளைக் காட்டில் எச்சமிட்டன. வேலிக்குள் நின்ற செடி, இரு நூற்றாண்டுகளுக்குள் இந்தியக் காடுகளின் பெரும்பரப்பில் அடர்புதராகப் பரவிவிட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட, உலகின் மிகக் கேடான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் உண்ணிச்செடியும் இடம்பெற்றுள்ளது.

அடர்ந்த உண்ணிப்புதரின் அடியில் புல் முளைப்பது அரிது. ஒளி புகாது, மண்ணில் கலக்கும் அதன் வேதிப்பொருள்களும் பிற நாற்றுகளைத் தடுக்கும். இலையைத் தின்ற மாட்டுக்குக் கல்லீரல் கெடும். வெயில் பட்ட தோல் வெடிக்கும். கோடையில் காய்ந்த புதர், தரைத்தீயை மரக்கிளை வரை ஏற்றிவிடும். பாவட்டை, சுலுந்து போன்ற மண்ணின் புதர்கள் வளரவேண்டிய இடத்தை அது தனதாக்கிக்கொள்கிறது. ஒகேனக்கல்லை ஒட்டிய காவிரிக் கரைக் காடுகளில் மேய்ந்து வளர்ந்த மாட்டினம் ஆலம்பாடி. அவ்வினத்தைக் காப்பதற்கென்றே தருமபுரி மாவட்டத்தில் ஆராய்ச்சி மையம் அமைக்கப்பட்டுள்ளது. மாட்டினத்தைக் காப்பாற்றினாலும், அது மேயும் புல்லைக் காப்பாற்றாவிடில் பயன் என்ன? பழைய நாளில் ஆநிரையைக் கவர்ந்தவர் வெட்சி சூடி வந்தனர். இன்று ஆநிரையின் மேய்ச்சலைக் கவர்வது ஒரு பூஞ்செடி. அதை மீட்கும் பணிக்குக் கரந்தை என்று பெயரிட்டாலும் தகும்.

தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில், அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றிக் காடுகளை மீட்டெடுப்பதற்கெனக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அகற்றுதல் எளிதன்று. வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். எனவே வேர்த்தண்டை மண்ணுக்குக் கீழே வெட்டி எடுத்து, மீண்டும் வேரூன்றாதபடி தலைகீழாகக் கவிழ்த்து வைக்கும் முறை கையாளப்படுகிறது. அகற்றிய இடத்தில் உடனே மண்ணின் புல்லும் புதரும் நடப்படாவிட்டால், விதைகள் மீண்டும் முளைத்துவிடும். வெட்டி எடுத்த தண்டும் வீணாவதில்லை. நீலகிரியின் கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினர் உண்ணித் தண்டுகளால் உயிரளவு யானை உருவங்களைச் செய்கின்றனர். அவ்வுருவங்கள் 2021ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரப் பூங்காக்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இது இந்தியாவில் மட்டும் நிகழ்ந்ததன்று. சீன நாட்டு மலைகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியத் தோட்டங்களுக்குச் சென்ற புட்லியா என்னும் புதர்ச்செடிக்கு, வண்ணத்துப்பூச்சிப் புதர் என்றே ஆங்கிலத்தில் பெயர். நீண்ட ஊதாப் பூங்கதிர், தேன் மணம், மொய்க்கும் பூச்சிகள் என எல்லாம் உண்டு. அதன் மெல்லிய விதைகள் காற்றில் பறந்து சென்றன. இரண்டாம் உலகப்போரில் குண்டு வீழ்ந்து இடிந்த கட்டடங்களிலும், இருப்புப்பாதை ஓரங்களிலும், சுவர் வெடிப்புகளிலும் அது வேரூன்றியது. இன்று அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் அது களைச்செடியாக அறிவிக்கப்பட்டு, விதை உண்டாக்கும் வகைகளை விற்பதற்குக் கட்டுப்பாடும் விதிக்கப்பட்டுள்ளது. சிறகு விரித்த பூச்சிக்கு அது தேன் தருகிறது. ஆனால் அந்நாட்டுப் புழுக்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அதன் இலை உணவாவதில்லை. விருந்தினருக்குப் பானம் மட்டும் கொடுத்து, அவர்தம் பிள்ளைகளுக்குச் சோறிட மறுக்கும் வீடு அது.

வீட்டுத்தோட்டத்துக்கு வேலி உண்டு; விதைக்கு வேலி இல்லை. தேன் நிறைந்த பூ என்பதனாலேயே ஒரு செடியை நட்டுவிடலாகாது. அதன் பழத்தைத் தின்னும் பறவை அடுத்து எங்கே சென்று அமரும் என்பதையும் எண்ணவேண்டும். சித்தேரி மலையடிவாரத்திலோ தீர்த்தமலை வட்டாரத்திலோ பென்னாகரம் காட்டோரத்திலோ உள்ள வீட்டில் இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. வெட்சிப் பழத்தையும் பாவட்டைப் பழத்தையும் பறவை காட்டில் எச்சமிட்டால், அவை தம் பிறந்த வீட்டுக்கே திரும்புகின்றன.

நடுதலும் பேணுதலும்

வெட்சியைத் தண்டுப் பதியன்களால் பெருக்குவதே எளிது. முற்றிய கட்டையும் வேண்டாம், பசிய தளிரும் வேண்டாம்; இரண்டுக்கும் இடைப்பட்ட பருவத்துத் தண்டை ஒரு சாண் நீளத்துக்குக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுதல் வேண்டும். அடியிலைகளை நீக்கி, மணலும் மக்கிய எருவும் கலந்த பையில் ஊன்றி, நிழலில் வைத்து ஈரம் காக்கவேண்டும். ஓரிரு மாதங்களில் வேர்விடும். பாவட்டையை விதையால் வளர்க்கலாம். கறுத்துக் கனிந்த பழத்தின் சதையை நீக்கி, விதையைக் காயவிடாமல் உடனே ஊன்றுவது நல்லது. காப்புக்காட்டிலிருந்து செடியைப் பிடுங்கி வருதல் சட்டப்படி குற்றம். தோட்டத்துக்காகக் காட்டை வெறுமையாக்குதல் பாடத்தின் நோக்கத்துக்கே முரண். தெருவோரத்திலோ உறவினர் கொல்லையிலோ உள்ள செடியிலிருந்து ஒரு தண்டோ ஒரு கைப்பிடிப் பழமோ கேட்டு வாங்கினால் போதும்.

ஆடி முதல் ஐப்பசி வரை மழை பெறும் மாவட்டம் ஆதலால், அக்காலமே நடுவதற்கு ஏற்றது. ஒன்றரை அடி ஆழ அகலக் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரமும் இலைமக்கும் சேர்த்து நிரப்பி நடவேண்டும். நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரமேனும் வெயில் படும் இடமே வேண்டும். வெயிலற்ற இடத்தில் செடி வளரும், ஆனால் பூ குறையும். வண்ணத்துப்பூச்சி குளிர்ந்த உடல் கொண்டது. காலை வெயிலில் சிறகை விரித்துச் சூடேறிய பின்னரே அதனால் நன்கு பறக்க இயலும். ஆகவே கிழக்கு வெயில் விழும் பக்கமே தலைசிறந்தது. காற்று மோதும் மூலையைத் தவிர்க்கலாம். பாவட்டையைப் படுக்கையறைச் சாளரத்துக்கு அருகில் நட்டால், அதன் அந்திமணம் வீட்டினருக்கும் கிட்டும்.

தருமபுரித் தோட்டங்களில் வெட்சிக்கு வரும் பெருந்தொல்லை பூச்சியால் அன்று, தண்ணீரால். வெட்சி சற்றுப் புளிப்புத்தன்மை உள்ள மண்ணை விரும்பும். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினத்தன்மை மிக்கதாக இருந்தால், நாளடைவில் மண்ணில் சுண்ணாம்பு சேரும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க இயலாது. இளந்தளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இதைக் கண்டதும் தழைச்சத்து உரம் இடுவோர் பலர். அது பயன் தராது. இலைமக்கை அடியில் பரப்புவதும், இயன்ற போதெல்லாம் மழைநீரைச் சேமித்து ஊற்றுவதும், தேவைப்பட்டால் அன்னபேதி உப்பைச் சிறிதளவு நீரில் கரைத்து ஊற்றுவதும் பயன் தரும். பாவட்டை வறண்ட காட்டுச் செடி. வேர் பிடித்தபின் அதற்கு இவ்வளவு கவனம் வேண்டியதில்லை.

இரண்டு செடிகளிலும் பூங்கொத்து புதுக்கிளையின் நுனியில் தோன்றும். பூத்து ஓய்ந்ததும் கிளை நுனியைச் சற்றே கவாத்து செய்தால் பக்கக்கிளைகள் பெருகும். மாதந்தோறும் கத்தரித்துச் சுவர்போல் வளர்க்கும் வழக்கம் பல அலுவலக வளாகங்களில் உண்டு. அங்கே செடி இருக்கும்; பூ இராது.

இலை தின்னும் விருந்தினர்

வண்ணத்துப்பூச்சியை அழைக்க விரும்புவோரில் பலர் புழுவைக் கண்டதும் மருந்துக்குப்பியைத் தேடுகின்றனர். புழுவில்லாமல் பூச்சியில்லை என்பது வகுப்பில் அனைவரும் எழுதும் விடை. தோட்டத்தில் அது மறந்துபோகிறது. வெட்சியும் பாவட்டையும் சிறகு முளைத்த பூச்சிக்குத் தேன் தருகின்றன. சில அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு இலையும் தருகின்றன. ஆனால் ஒவ்வொரு வகைப் புழுவும் தனக்குரிய ஒருசில செடிகளின் இலையையே தின்னும். தாய்ப்பூச்சி முன்கால்களால் இலையைத் தட்டிச் சுவையறிந்து, உரிய செடி என்று உறுதிசெய்த பின்னரே முட்டையிடும்.

எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சிக்கு எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவற்றின் இலை உணவு. அதன் இளம்புழு பறவை எச்சம் போலத் தோன்றும். பறவை அதனை உணவெனக் கருதாது. வளர்ந்தபின் இலைப்பச்சை நிறம் பெறும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கவைபோன்ற செந்நிற உறுப்பை நீட்டிக் கடுமையான மணத்தை வெளியிடும். முட்டையிலிருந்து சிறகு விரியும் வரை ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். கறிவேப்பிலையை நாடுவது கறிவேப்பிலை அழகி. அதன் பெண்பூச்சிகளுள் ஒரு வகை, ஆடுதின்னாப்பாளையைத் தின்று நஞ்சேற்றிய வேறொரு வண்ணத்துப்பூச்சியின் தோற்றத்தை ஏற்றுப் பறவைகளை ஏமாற்றுகிறது. எருக்கு, பலர் வெட்டி எறியும் செடி; செம்மஞ்சள் சிறகுடைய வெந்தய வரியனுக்கு அதுவே பிறந்தகம்.

இங்கேதான் வீட்டில் சிக்கல் எழுகிறது. கறிவேப்பிலை தாளிப்புக்கு வேண்டும், புழுவுக்கும் வேண்டும். இரண்டு அடி உயரக் கன்றில் நான்கு புழுக்கள் இருந்தால் ஒரு வாரத்தில் கன்று மொட்டையாகும். வளர்ந்த செடி அந்த இழப்பைத் தாங்கித் துளிர்க்கும். ஆகவே கன்றாக இருக்கும்போது புழுக்களை அருகிலுள்ள நாரத்தைக்கோ பெரிய செடிக்கோ மென்மையாக இடம்மாற்றலாம். செடி வளர்ந்தபின் ஒரு கிளையை அவற்றுக்கே விட்டுவிடலாம். இயற்கை மருந்து என்பதால் தீங்கில்லை என்று கருதி வேப்பெண்ணெய் தெளிப்பதும் தவறு. புழுவுக்கு அதுவும் நஞ்சே. வெட்சியில் மாவுப்பூச்சி கண்டால், தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவினாலே பெரும்பகுதி நீங்கும். எறும்புகளே அவற்றைக் காவல் காப்பதால், எறும்பு ஏறும் வழியைத் தடுத்தல் வேண்டும்.

தோட்டத்தின் ஒரு மூலையில் ஈரமண் இருக்கட்டும். ஆண்பூச்சிகள் கூட்டமாக வந்து ஈரமண்ணிலிருந்து உப்புகளை உறிஞ்சும். கிலுகிலுப்பைச் செடி ஒன்று இருப்பின், நீல வரியன் ஆண்கள் அதன் காய்ந்த இலையையும் நெற்றையும் சுரண்டி உறிஞ்சுவதைக் காணலாம். துணையைக் கவரும் மணத்துக்கான மூலப்பொருளை அவை அதிலிருந்து பெறுகின்றன. நீல வரியன்களும் அவற்றின் உறவினங்களும் கிழக்கு, மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்கு இடையே பருவந்தோறும் கூட்டமாக இடம்பெயர்பவை. இடைவழியில் பூத்து நிற்கும் ஒரு வெட்சிப்புதர் அவற்றுக்குச் சத்திரம்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாடு அரசு 2019ஆம் ஆண்டில் தமிழ் மறவன் என்னும் வண்ணத்துப்பூச்சியை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. செம்மஞ்சள் சிறகில் கருநிற விளிம்பு கொண்ட இது, பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்வது. திருவரங்கத்தை அடுத்த மேலூரில் வனத்துறை அமைத்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கே தேன்தரும் செடிகளும் புழுக்களுக்கு உணவாகும் செடிகளும் சேர்த்தே வளர்க்கப்படுகின்றன.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டைச் சுற்றியோ பள்ளி வளாகத்திலோ உள்ள பூச்செடி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காலை ஒன்பது மணி முதல் அரைமணி நேரம் உற்றுநோக்கி, வந்து சென்ற பூச்சிகளின் நிறம், அமரும் முறை, தங்கும் நேரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிவு செய்க. ஒரு வாரம் தொடர்ந்து செய்து வேறுபாடுகளைக் கலந்துரையாடுக.

உங்கள் ஊரின் முதியவர்களிடம், இளமையில் அவர்கள் கண்ட புதர்ச்செடிகளுள் இன்று அரிதாகிவிட்டவை எவை எனக் கேட்டறிந்து, அவற்றின் வட்டாரப் பெயர்களைத் தொகுக்க.

வெட்சி, கரந்தை, வஞ்சி, காஞ்சி, நொச்சி, உழிஞை, தும்பை, வாகை ஆகிய தாவரங்களுள் உங்கள் பகுதியில் காணக்கூடியவற்றின் இலையையும் பூவையும் வரைந்து, அவற்றை நாடி வரும் உயிரினங்களையும் குறிப்பிட்டு வகுப்பில் காட்சிப்படுத்துக.